வெருகற்கரையில் ஒரு பாசறை

(மன்றத்தின் பொதுக்கூட்டத்தில் இளைஞர் சார்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





சென்ற கூட்டத்திலே நாங்கள் ஒரு வேண்டுகோளை முன்வைத்தோம். வருகின்ற ஆவணி விடுமுறையில் வெருகல் ஆற்றங்கரையிலே மூன்று நாட் பாசறை ஒன்று அமைப்பதற்கு அனுமதி தரவேண்டும் என்பதே அது. பெரியோர்கள் மறுக்கவுமில்லை, உடனே இசையவுமில்லை. "போகும் வழியையும், அங்கே செய்யப்போவதையும், திரும்பி வரும் வகையையும் எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம்" என்றார்கள். எழுதிக்கொண்டு வந்திருக்கின்றோம். ஆனால் அதை வாசிப்பதற்கு முன்னர் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் இந்தத் திட்டத்தை உங்கள்முன் வைப்பது நேர்மையாகாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்களிற் பதினொரு பேர் ஒரு வானை அமர்த்திக்கொண்டு அதே ஆற்றுக்குப் போனோம். வீட்டிலே பாசிக்குடாவுக்குப் போவதாகச் சொன்னோம். கட்டிக்கொண்டு போனது சோற்றுப் பார்சலும் ஒரு கிரிக்கெட் மட்டையும் மாத்திரமே. ஆற்றைக் கண்டதும் சட்டையைக் கழற்றினோம். எங்களில் முதலில் இறங்கியவர் பத்து வயதிலேயே வாவியை நீந்திப் பழகியவர். பத்து அடி தூரம் முழங்காலளவு தண்ணீர். அடுத்த அடியில் நிலமில்லை. ஒரு கணத்தில் அவர் எங்களைவிட்டு இருபது யார் தூரம் கீழே போய்விட்டார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த இருவரையும் ஆறு இழுத்துக்கொண்டது. அக்கரையிலா இக்கரையிலா யார் கத்துகின்றார்கள் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஓர் ஐயா நீண்ட கம்பொன்றோடு ஓடிவந்து, வளைவிலே நின்று மூவரையும் ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்தார். அவர் எங்களை ஏசவில்லை. "வாவிக்கரைப் பிள்ளைகளோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "தண்ணியெண்டா எல்லாம் ஒண்டில்ல மனே. கேட்டுப்போட்டு இறங்கோணும்" என்றார்.

நாங்கள் வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்துச் செய்தி வேறு வாயால் வந்தது. பெற்றோர் அடைந்த துயரம் ஆற்றினால் வந்ததைக் காட்டிலும் எங்கள் பொய்யினால் வந்தது அதிகம். அன்று முதல் ஆறு என்ற சொல்லே இந்த மன்றத்தில் எழவில்லை. இன்று அதை மீண்டும் எடுக்கின்றோம். அந்த ஐயாவின் சொல்லையே இப்பேச்சின் பொருளாகவும் கொள்கின்றோம். ஆழமறியாமற் காலை விடாதே என்பது பழமொழி. ஆழத்தை எப்படி அறிவது? கேட்டுத்தான் அறியவேண்டும்.

முதலில், எங்கள் தவறு எங்கே பிறந்தது என்பதைப் பார்ப்போம். நாம் வாவியின் மக்கள். வாவி நமக்கு முற்றம் போன்றது. அதன் நீர் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. கோலூன்றித் தோணி செலுத்தலாம். காற்றடித்தால் அலை எழும். காற்று நின்றால் நீரும் நிற்கும். மாரியில் வெள்ளம் பெருகி முகத்துவாரம் வெட்டப்படும் காலத்தைத் தவிர, வாவி யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. அன்றியும் அதன் நீர் உவர்நீர். உவர்நீர் நன்னீரைவிடக் கனமானது; ஆதலால் உடலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். இப்படிப்பட்ட நீரில் நீந்தப் பழகியவன், நன்னீர் ஆற்றிலும் தான் நீச்சற்காரனே என்று எண்ணிவிடுகின்றான். ஆற்று நீரோ ஓயாமல் ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் நீர். அது மேலே அமைதியாகவும் அடியிலே விசையாகவும் ஓடும். வளைவின் உட்புறத்தில் மணலைக் குவிக்கும்; வெளிப்புறத்தில் நிலத்தைக் குடைந்து மடுவாக்கும். நாங்கள் அன்று இறங்கியது குடைந்த பக்கம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இனி வெருகல் ஆறு எது என்பதைச் சொல்கின்றோம். அது தனியோர் ஆறன்று. மகாவலி கங்கையின் கிளை. மகாவலி 335 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கையில் அதைவிட நீண்ட ஆறு இல்லை. மத்திய மலைநாட்டிலே தோன்றி, பேராதனையையும் கண்டியையும் தழுவி, கிழக்கே திரும்பி, பின்னர் வடக்கு நோக்கி ஓடி, கடலை அண்மிக்கும்போது கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவிலே விழுகின்றது. மற்றொன்று வெருகல் ஆறு என்னும் பெயரோடு கிழக்குக் கடலைச் சேர்கின்றது. எங்களுட் சிலர் பேராதனையிலே படிக்கின்றவர்கள். அங்கே பாலத்தின் கீழே நாள்தோறும் காணும் அதே கங்கைதான், நம் மாவட்டத்தின் வடக்கெல்லையிலே முருகன் சந்நிதிக்கு முன்னால் ஓடுகின்றது.

இதனால் விளையும் பயன் ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். ஆடி ஆவணி நமக்குக் கோடை. கச்சான் காற்று வீசும், வானத்தில் முகில் இராது, குளங்கள் வற்றும். ஆனால் அதே மாதங்கள் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். மகாவலியின் தலைநீர் அங்கேதான் உண்டு. நம் தலைமேல் வெயில் எரிக்கும்போது, நூறு மைலுக்கு அப்பால் மழை கொட்டலாம். முற்காலத்தில் அந்த மழைநீர் சில நாட்களிலே நேராக வெருகலை வந்தடையும். 1976இல் பொல்கொல்லையிலே நீர் திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணையும் 1986இல் ரந்தெனிகலை அணையும் இயங்கத் தொடங்கின. இப்போது ஆறு பெரும்பகுதி மனிதர் கையிலுள்ள வான்கதவுகளுக்கும் அடங்கி வருகின்றது. கதவு திறந்தாற் கீழே நீர் உயரும். நம் வானத்தைப் பார்த்து ஆற்றை மதிப்பிட முடியாது என்பதே இதன் பொருள். ஆகவே புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தையும் பார்ப்போம். அங்கே தங்கும் நாட்களில் காலையும் மாலையும் மீண்டும் பார்ப்போம். கரையிலே அடையாளமிட்ட கம்பொன்றை நட்டு, நீர் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று குறித்தும் வைப்போம்.

இன்னுமொரு புதிய இடையூறு உண்டு. ஆற்றிலே மணல் அள்ளுவதனால் அடித்தளத்திற் குழிகள் விழுந்திருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே குளித்த ஒருவர் "இந்த இடம் இடுப்பளவுதான்" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை; ஆனால் அது இன்றைய ஆறன்று. ஊரவர் இன்று குளிக்கும் துறையே நாம் இறங்கும் துறை. வேறெங்கும் ஒருவரும் கால் நனைக்கக்கூடாது. முதலைக்கும் அதுவே காவல். விடியுமுன்னும் அந்திசாய்ந்த பின்னும் நீர்க்கரைக்கு எவரும் போவதில்லை என்பதை முதற் கட்டளையாக எழுதியிருக்கின்றோம்.

"இவ்வளவு இடர் இருக்கையில் வாவிக்கரையிலேயே கூடாரம் போட்டாலென்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் விடை இது. வெருகல் நமக்கு வெறும் உல்லாசத்துக்குரிய இடமன்று. அங்கே ஸ்ரீ சித்திரவேலாயுத சுவாமி ஆற்றங்கரையிலே கோயில்கொண்டிருக்கின்றார். அவர்மீது 'சித்திரவேலாயுதர் காதல்' என்ற பழைய பிரபந்தமே உண்டு. சித்தாண்டியிலும் திருக்கோவிலிலும் அதே திருநாமத்தோடு முருகனை வணங்குகின்றோம். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துவரும் அடியார் கூட்டம் வெருகலைக் கடந்தே மட்டக்களப்புக்குள் வருகின்றது.

அன்றியும் நம் பெற்றோருட் பலருக்கு அந்த ஆற்றங்கரை ஒருநாளும் கிடைக்கவில்லை. போர் நடந்த ஆண்டுகளில், அதிலும் 2006, 2007ஆம் ஆண்டுகளில், வாகரையும் கதிரவெளியும் வெருகலும் பட்டபாட்டை இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு முன்னரே 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் கடல் பொங்கி அந்தக் கரையை அழித்தது. இளமையில் ஆற்றைப் பார்த்துப் பழகவேண்டிய ஒரு தலைமுறை, அந்த வீதியிலேயே போகமுடியாமல் வளர்ந்தது. ஆகையால் அவர்களிடமிருந்து எங்களுக்கு ஆற்றைப் பற்றிய அறிவு வரவில்லை. அச்சம் மாத்திரமே வந்தது. அவர்களுக்கு முந்திய தலைமுறையிடம் அந்த அறிவு இன்னும் இருக்கின்றது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

நாங்கள் மிஷன் பாடசாலைகளிலே படித்தவர்கள். கூடாரம் அடிக்கவும், முடிச்சுப் போடவும், சிறு சிறு அணிகளாகப் பிரிந்து வேலை செய்யவும் அங்கே சாரணர் இயக்கத்திலே பழகினோம். பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவிலே முதற் பாசறையை நடத்தினார். 1912இல் அந்த இயக்கம் இலங்கைக்கு வந்தது. அந்தப் பயிற்சிக்கு நாங்கள் நன்றியுடையோம். ஆனால் வீட்டிலே ஒருநாள் எங்கள் அம்மம்மாமாரிடம் கதிர்காம யாத்திரையைப் பற்றிக் கேட்டபோது நாணிப்போனோம். உகந்தையைத் தாண்டிக் காட்டுவழி போகும்போது, கும்புக்கன் ஆற்றங்கரையிலே மருதமரத்தின் கீழே படுத்தெழுந்தவர்கள் அவர்கள். கலங்கிய நீரைக் குடிக்காமல் மணலிலே ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீரை அள்ளினார்கள். கூட்டத்தைவிட்டு ஒருவரும் தனியே போகாதபடி முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் நடந்தார்கள். இரவிலே யானை வராமல் தீவளர்த்துக் காவலிருந்தார்கள். எழுந்து புறப்படும்போது தலைகளை எண்ணினார்கள். நாங்கள் ஆங்கிலப் புத்தகத்திலே படித்துப் பரீட்சை எழுதிய பாசறை ஒழுங்கு முழுவதும் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நமக்குக் காட்டியவர் விபுலாநந்த அடிகள். 1892இல் காரைதீவிலே பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்து, அந்தக் கல்வியையும் முன்னோர் கல்வியையும் ஒருசேரக் கொண்டவர் அவர். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தார். பௌதிக விஞ்ஞானம் கற்ற அதே அறிவினாலேதான் பழந்தமிழ் யாழையும் ஆராய்ந்தார். நாங்கள் சிறியவர்கள். எங்கள் அளவிலே ஒரு கூடாரத்துக்குள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புகின்றோம்.

இனித் திட்டத்தை வாசிக்கின்றோம்.

நாள்: ஆவணி விடுமுறையில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. கோயிற் திருவிழாக் கூட்டமில்லாத, வளர்பிறை நாட்களாகப் பார்ப்போம். வெள்ளி காலையில் புறப்பட்டு, ஏறாவூர், சித்தாண்டி, வாழைச்சேனை, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி வழியாக மதியத்துக்கு முன் வெருகலை அடைவோம். முன்பு வள்ளப்பாதைக்குக் காத்துநின்ற இடங்களில் இன்று பாலங்கள் உண்டு. ஞாயிறு பிற்பகல் புறப்பட்டு இருட்டுமுன் வீடு சேர்வோம்.

ஆட்கள்: இளைஞர் 24 பேர், பெரியவர்கள் 4 பேர். இளைஞர் ஆறு பேர் கொண்ட நான்கு அணிகளாகப் பிரிவர். சமையல், தண்ணீரும் விறகும், துப்புரவு, காவல் என்ற நான்கு வேலைகளும் முறைவைத்து மாறும். பெரியவர் நால்வரும் விருந்தினராக வரமாட்டார்கள். அணிக்கு ஒருவராக இருந்து வழிகாட்டுவார்கள். அவர்களில் ஒருவர் "இறங்காதே" என்றால் ஒருவரும் இறங்குவதில்லை. அந்த இடத்திலே வாதமில்லை.

அனுமதி: கோயில் பரிபாலன சபையினரிடமும், கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்திலும், பொலிஸ் நிலையத்திலும் எழுத்தில் அறிவித்து அனுமதி பெறுவோம். அதற்கு முன்னதாக எங்களில் மூவரும் பெரியவர் ஒருவரும் ஒருநாள் போய் இடம் பார்த்து வருவோம். வெருகல், வாகரைப் பகுதியிலே வேடர் வழிவந்த மக்களும், ஆற்றோரம் பயிர் செய்வோரும் மீன்பிடிப்போரும் வாழ்கின்றார்கள். ஆற்றின் குணம் அவர்களுக்குத் தெரியும். எந்தத் துறை நல்லது, எந்தப் பக்கம் யானை இறங்கும் என்று அவர்களிடம் கேட்ட பின்னரே கூடாரம் அடிக்கும் இடத்தைக் குறிப்போம். மருதமரத்து நிழல் குளிர்ச்சியானது. ஆனால் பட்டுப்போன கிளையின் கீழே படுக்கக்கூடாது. நீர்மட்டத்திலிருந்து உயர்ந்த மேட்டிலேயே கூடாரங்கள் நிற்கும்.

நீராடல்: காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே, குறித்த துறையில் மட்டும். இருவர் இருவராகவே இறங்கவேண்டும். ஒருவர் மற்றவருக்குப் பொறுப்பு. கரையிலே எப்போதும் இருவர் நனையாமல் நிற்பர். அவர்கள் கையில் 30 மீற்றர் நைலோன் கயிறும், நீண்ட கம்பும், காற்றடைத்த லொறி ரியூப்பும் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதித் தலை எண்ணப்படும். எவரேனும் இழுபட்டால் அவருக்குப் பின்னால் பாயக்கூடாது. கம்பை நீட்டு; எட்டாவிட்டாற் கயிற்றை எறி. அன்று எங்களில் இருவர் செய்த பிழை இதுவே. இழுபட்டவரும் நீரோடு எதிர்த்துப் போராடக்கூடாது. மல்லாந்து, கால்களை முன்னே வைத்து, நீர் போகும் திசையிலே போய்க்கொண்டு, சாய்வாகக் கரையை நாடவேண்டும். இதைப் புறப்படுமுன் வாவியிலே மூன்று சனிக்கிழமைகள் பழகுவோம். பழக வராதவர் கரையிலே நின்று சமையலுக்கு உதவலாம்.

உணவு: கோயிற் சூழல் ஆதலால் மச்சம் இல்லை. மதியம் மூன்று வேளை சோறு. ஆளுக்கு 150 கிராம் அரிசிப்படி 28 பேருக்கு ஏறத்தாழ 13 கிலோ வேண்டும். பருப்பும், பூசணியும், மரவள்ளியும் ஊரிலேயே வாங்குவோம். இரவு இரண்டும் ரொட்டியும் சம்பலும். அதற்குக் கோதுமை மா 9 கிலோ. காலை இரண்டும் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 112 லீற்றர் ஆகின்றது. ஊர்க் கிணற்று நீரை அனுமதியோடு எடுத்துக் கொதிக்கவைத்து ஆற்றுவோம். விறகுக்குப் பச்சை மரம் வெட்டுவதில்லை.

துப்புரவு: மலசலகூடக் குழி ஆற்றிலிருந்து 60 மீற்றருக்கு அப்பால். சவர்க்காரம் ஆற்றிலே படக்கூடாது. வாளியில் அள்ளித் தள்ளிவந்து கழுவவேண்டும். அடியார் தீர்த்தமாடும் நீர் அது. பொலித்தீன் கொண்டுபோன அளவுக்குத் திரும்பி வரவேண்டும். சனிக்கிழமை முழுவதும் கோயில் வீதியிலும் ஆற்றுத்துறையிலும் சிரமதானம் செய்வோம். இரவிலே பஜனை, அதன்பின் ஊர்ப் பெரியவர்களை அழைத்து ஆற்றைப் பற்றிப் பேசக் கேட்போம். கேட்டதை எழுதிவைக்க ஒருவரை நியமித்திருக்கின்றோம்.

ஆபத்துக்காலம்: முதலுதவிப் பெட்டி இரண்டு. பாம்பு தீண்டினாற் கட்டுப்போட்டு இறுக்குவதோ கீறுவதோ இல்லை. அசையாமற் கிடத்தி உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வோம். வாகரையிலும் ஈச்சிலம்பற்றிலும் வைத்தியசாலைகள் உண்டு. அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. வாகனம் ஒன்று இரவு பகல் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு மன்றச் செயலாளருக்குத் தொலைபேசியில் செய்தி வரும். நல்லதும் வரும், கெட்டதும் மறைக்காமல் வரும்.

மற்றுமொன்று. நம் சகோதரிகளும் வர விரும்புகின்றார்கள். பெண்பிள்ளைகளை ஆற்றங்கரையிலே இரவு தங்கவிடுவதா என்று தாய்மார் தயங்குவது எங்களுக்கு விளங்குகின்றது. அவர்களுக்கு விடைசொல்ல நாங்கள் தகுதியுடையோரல்லர். கதிர்காமப் பாதையிலே நடந்த அம்மம்மாமாரே தகுதியுடையவர்கள். அவர்களில் இருவர், "பிள்ளைகள் வந்தால் நாங்களும் வாறம்" என்று சொல்லியிருக்கின்றார்கள். பெண்களுக்குத் தனியிடமும் தனிக் கூடாரமும், அந்த இரு தாய்மாரின் காவலும் இருக்கும். முடிவைத் தாய்மாரிடமே விடுகின்றோம். ஆனால் நீச்சற் பயிற்சிக்காவது அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகின்றோம். வெள்ளம் வரும்போது அது ஆண் பெண் பார்ப்பதில்லை.

பெரியோர்களே, எங்கள் திட்டத்திலே குறை இருக்கும். எந்தக் குறை என்பதை இன்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கின்றோம். வேண்டாம் என்று நீங்கள் முடிவுசெய்தால் அதற்கும் கட்டுப்படுகின்றோம். இம்முறை ஒளித்துப் போகமாட்டோம் என்பதே எங்கள் முதல் வாக்குறுதி. போகலாம் என்று சொன்னாலோ, உங்களில் நால்வர் எங்களோடு வாருங்கள். சாக்கைத் தூக்குவதும் அடுப்பு மூட்டுவதும் எங்கள் வேலை. இடத்தைக் காட்டுவதும் கதை சொல்வதும் உங்கள் வேலை.

இடம் பார்க்கப் போகும்போது அந்த ஐயாவையும் தேடிக் காண்போம். அன்று நன்றி சொல்லக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் பெயரையும் கேட்காமல் வந்துவிட்டோம். இம்முறை முதலில் அவரிடம் போய், "ஐயா, வாவிக்கரைப் பிள்ளைகள் வந்திருக்கின்றோம், எங்கே இறங்கலாம்?" என்று கேட்போம்.

வெருகலம்பதி வேலவன் எல்லோருக்கும் துணையிருப்பானாக.